மூலையில தூங்குற மிஷினை எழுப்புங்க!

தீபாவளிக்கு இன்னும் பத்தே நாள். டெய்லர் கடையில 'ஆர்டர் எடுப்பதில்லை'ன்னு அட்டை மாட்டியாச்சு. நீங்க முன்னாடியே கொடுத்துட்டீங்க, சரி. ஆனா உங்க துணி அந்தக் குவியல்ல எங்கேயோ அடியில கிடக்கு. 'நாளைக்கு வாம்மா'ன்னு மூணு தடவை திருப்பி அனுப்பியாச்சு. கடைசியில முதல் நாள் ராத்திரி கைக்கு வருது. ஆசை ஆசையா போட்டுப் பார்த்தா... கையைத் தூக்க முடியல! கழுத்து நீங்க சொன்னது ஒண்ணு, அவங்க வெட்டினது ஒண்ணு.

'ரெடிமேட் வாங்கிட்டுப் போயேன்'னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. மார்பு சரியா இருந்தா தோள் தொங்குது. தோள் சரியா இருந்தா இடுப்புல பிடிக்குது. நம்ம ஊர்ல இருக்கிற அத்தனை பொண்ணுங்களையும் ஸ்மால், மீடியம், லார்ஜ்னு நாலஞ்சு டப்பாவுக்குள்ள அடைக்கப் பார்த்தா இப்படித்தான் ஆகும். டப்பா பொருந்தலைன்னா தப்பு டப்பா மேல. ஆனா ட்ரையல் ரூம்ல கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு, 'நான்தான் குண்டாயிட்டேன் போல'ன்னு நொந்துக்கறது யாரு? நீங்கதான்!

இப்போ உங்க வீட்டு மூலையைக் கொஞ்சம் பாருங்க. அம்மாவுக்குச் சீரா வந்த கறுப்புத் தையல் மிஷின் ஒண்ணு நிக்கும். மேலே பழைய துண்டு, அதுக்கு மேலே மடிக்காத துணி, அதுக்கும் மேலே உங்க ரெக்கார்டு நோட்டு. பெண்ணாடம், திட்டக்குடி பக்கம் மிஷினை இப்படி மேஜையா மாத்தி வெச்சிருக்கிற வீடு நிறைய உண்டு. அதை எழுப்புறதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. 'டைம் எங்கே இருக்கு? காலையில விருத்தாசலம் பஸ்ஸைப் பிடிக்கணும், காலேஜ் முடிஞ்சு வர்றதுக்குள்ள இருட்டிடும், அப்புறம் தண்ணி பிடிக்கணும், தம்பிக்குப் பாடம் சொல்லணும்...' தெரியும். அதனாலதான் ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் மட்டும் கேட்கிறோம். கூடவே அப்பாவோட ஒரு பழைய வேட்டி.

'சும்மாதானே இருக்கே?'

தையல்னு சொன்னதும் பல பொண்ணுங்களுக்குக் கோபம் வர்றதுக்குக் காரணம் இந்த வசனம்தான். 'டிகிரி முடிச்சுட்டு சும்மாதானே இருக்கே, தையல் கிளாஸுக்குப் போயேன்.' அதாவது, மாப்பிள்ளை வர்ற வரைக்கும் கை சும்மா இருக்கக் கூடாதாம். அந்தக் கோபம் நியாயமானது. யாரோ உங்க நேரத்தை நிரப்புறதுக்காகக் கத்துக்கறதும், உங்க உடம்புக்கு எது பொருந்தணும்னு நீங்களே முடிவு பண்றதுக்காகக் கத்துக்கறதும் ஒண்ணு கிடையாது. மிஷின் ஒண்ணுதான், கணக்கு வேற. (பசங்களே, பக்கத்தைத் திருப்பாதீங்க. பஜார்ல உட்கார்ந்து பேன்ட் தைக்கிற டெய்லர்ல பெரும்பாலானவங்க ஆம்பளைங்கதான். உங்க கிழிஞ்ச பாக்கெட்டை நீங்களே தைச்சா ஒண்ணும் குறைஞ்சுடாது.)

இந்த மிஷினுக்கு ஒரு சுவாரஸ்யமான பின்கதை உண்டு. ஐசக் சிங்கர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1851-ல். அந்தக் காலத்துக் குடும்பத்துக்கு அது யானை விலை. அதனால் சிங்கரின் பங்குதாரர் எட்வர்ட் கிளார்க் 1856-ல் ஒரு வழி செய்தார். கொஞ்சம் முன்பணம் கொடுத்துவிட்டு எடுத்துப் போங்கள், மீதியை மாதா மாதம் கட்டுங்கள் என்றார். இன்னிக்கு ஃப்ரிட்ஜும் செல்போனும் தவணையில வாங்குறோமே, அந்தப் பழக்கத்தைப் பெரிய அளவுல பரப்பினதுல தையல் மிஷினுக்கு முக்கியப் பங்கு உண்டு. காகிதத்தில் வெட்டிய 'பேட்டர்ன்'களை அளவு வாரியாக விற்பதை 1863-ல் தொடங்கிய எபனேசர் பட்டரிக்கும் ஒரு டெய்லர்தான். நம்ம நாட்டுல 1930-களில் கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் 'உஷா' மிஷினைச் செய்ய ஆரம்பிச்சது. உங்க பாட்டி வீட்டுல இருக்கிறது அந்த வம்சமாக இருக்கலாம்.

இன்னொண்ணு. இயந்திரங்களைப் பத்தி அவ்வளவு கேள்வி கேட்ட காந்தி, 1924-ல் ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவரிடம் பேசும்போது தையல் மிஷினுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார். மனைவி கையால தைச்சுத் தைச்சுக் கஷ்டப்படுறதைப் பார்த்த அன்புல பிறந்த இயந்திரம் அது என்பது அவர் சொன்ன காரணம். அந்த மாணவர்தான் பின்னாளில் மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கிய ஜி. ராமச்சந்திரன்.

சரி, கதை போதும். துண்டை எடுங்க!

முதல் வாரம் நூலே வேண்டாம்

மிஷின் உடம்புல அங்கங்கே சின்ன ஓட்டை இருக்கும். ஒவ்வொண்ணுலயும் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டீங்கன்னா அது உள்ளே பிசினாகி இறுகிடும், அப்புறம் மெக்கானிக்தான். ஊசிக்குக் கீழே பல்லுக்கு நடுவுல சேர்ந்திருக்கிற பஞ்சை ஒரு பழைய டூத் பிரஷ்ஷால தட்டி எடுங்க. தோல் பெல்ட் தொளதொளன்னு இருந்தா ஒரு துளி வெட்டிட்டுக் கிளிப்பை மறுபடி மாட்டினா இறுகிடும்.

நூல் கோர்க்காம, பழைய ஊசியோட, கோடு போட்ட நோட்டுப் பேப்பரை ஃபுட்டுக்கு அடியில வைங்க. கையால சக்கரத்தை உங்க பக்கமா சுத்தி விட்டுக் காலை மிதிங்க. சக்கரம் எதிர்ப் பக்கம் போச்சுன்னா உடனே நிறுத்துங்க. நூல் கோர்த்த பிறகு இப்படி ஓடினா ஒவ்வொரு தடவையும் நூல் அறுந்து சிக்கும். காலும் கையும் ஒண்ணோட ஒண்ணு பேச ஆரம்பிக்க மூணு நாலு நாள் ஆகும், பயப்படாதீங்க. கோட்டு மேலேயே ஓட்டை விழுந்துச்சுன்னா அடுத்து மூலை. ஊசி பேப்பருக்குள்ள இறங்கி இருக்கும்போது ஃபுட்டைத் தூக்கி, பேப்பரைத் திருப்பி, ஃபுட்டை இறக்கி ஓட்டுங்க. அது வந்துட்டா வளைவு. பேப்பர்ல ஒரு சிக்குக் கோலம் போட்டு அதும் மேலேயே ஓட்டிப் பாருங்க. கழுத்தும் கைக்குழியும் தைக்க இதைவிட நல்ல பயிற்சி கிடையாது!

மோட்டார் மாட்டலாமான்னு கேட்பீங்க. முதல் ரெண்டு மாசம் வேண்டாம். கால் மிஷின் உங்க வேகத்துக்கு ஓடும். மோட்டாரோ அது வேகத்துக்கு உங்களை இழுக்கும். 2012-ல் சென்னைக்கு வெளியே மணிக்கணக்கில் கரன்ட் போனப்போ, விடாம ஓடினது கால் மிஷின்தான்.

இப்போ நூல். ஊசியில ஒரு பக்கம் நீளமா ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் இருக்கிற பக்கத்துல இருந்துதான் நூல் உள்ளே நுழையணும். காட்டனுக்கு 14-ஆம் நம்பர் ஊசி, மெல்லிய துணிக்கு 11, ஜீன்ஸ் மாதிரி தடித்ததுக்கு 16. தையல் விழறதே மேல்நூலும் பாபின் நூலும் துணிக்கு நடுவுல கைகோர்க்கறதாலதான். அடிப்பக்கம் மேல்நூல் சுருள் சுருளாத் தொங்கினா, மேலே டென்ஷன் லூஸ், இல்லேன்னா கோர்த்தது தப்பு. மேல்பக்கம் பாபின் நூல் எட்டிப் பார்த்தா மேலே டைட். புதுசா கத்துக்கறவங்க மிஷினைத் திட்டுற நேரத்துல பாதி, உண்மையில ஒரு தடவை நூலை முழுசா உருவிட்டு மறுபடி கோர்த்தாலே சரியாயிடும்.

ப்ளவுஸ்ல ஆரம்பிக்காதீங்க!

எல்லாரும் பண்ற காரியம் இதுதான். டெய்லர் கூலியில அதிகம் கடிக்கிறது ப்ளவுஸ், அதனால அதையே முதல்ல தைக்கலாம்னு இறங்குவாங்க. டாட் புடிக்கணும், பட்டி வைக்கணும், லைனிங், கொக்கி... உடம்போட ஒட்டி நிக்கிற டிரஸ் அது, கால் இஞ்ச் தப்பினாலும் காட்டிக் கொடுத்துடும். ரெண்டு துணி பாழானதும் மிஷின் மேல மறுபடி துண்டு விழுந்துடும்.

அப்பா வேட்டியில தலையணை உறை தைங்க. நேர்க்கோடு, நாலு மூலை, மடிப்பு, அவ்வளவுதான். அடுத்து இன்ஸ்கர்ட். அடுத்து எலாஸ்டிக் வெச்ச பேன்ட். பழைய பேன்ட் ஒண்ணைப் பிரிச்சுப் பார்த்தாலே அதோட ரகசியம் புரிஞ்சுடும். இதெல்லாம் மன்னிக்கிற உடுப்புகள். ஒரு இஞ்ச் அதிகமானா யாருக்கும் தெரியாது.

அப்புறம்தான் டாப்ஸ். கடையில புதுத் துணி வாங்காதீங்க. கட் பீஸ் கடையில ரெண்டரை மீட்டர் காட்டன், இல்லேன்னா அம்மா கட்டாம வெச்சிருக்கிற காட்டன் புடவை. கேட்டுட்டு எடுங்க, சில புடவைக்குப் பின்னாடி கதை இருக்கும்! வாங்கின காட்டனை ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறப் போட்டு, காய வெச்சு, தேய்ச்சுட்டுத்தான் கத்தரி வைக்கணும். பக்கத்து விருத்தாசலத்துல பீங்கான் வேலை தெரிஞ்சவங்களைக் கேட்டுப் பாருங்க. மண்ணு காயும்போதும் சூளையில வேகும்போதும் சுருங்கும்னு தெரிஞ்சு, முதல்லயே அளவைப் பெருசா வெச்சுத்தான் செய்வாங்க. துணியில நமக்கு அதைவிடச் சுலபம். தைக்கறதுக்கு முன்னாடியே சுருக்கிடலாம்.

துணியில பாவு நூல் நீளவாக்கில ஓடும். டாப்ஸோட நீளம் அந்த வாக்குலயே வரணும். மூலைவாட்டில இழுத்தா துணி ரப்பர் மாதிரி இழுபடும் பாருங்க, அதுதான் க்ராஸ். கழுத்துப் பட்டிக்கு அந்த வாக்குல வெட்டின துண்டுதான் வளைஞ்சு கொடுக்கும். டாப்ஸையே தெரியாம க்ராஸ்ல வெட்டிட்டா ரெண்டு தடவை துவைச்சதும் ஒரு பக்கம் இறங்கிடும்.

அளவுக்கு எங்கே போறது? உங்களுக்குக் கச்சிதமா இருக்கிற ஒரு டாப்ஸ் இருக்கும் இல்லையா, அதுதான் அளவு டிரஸ். டெய்லர்கிட்ட கொடுக்கிற அதே அளவு டிரஸ்ஸை இந்தத் தடவை உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கறீங்க. அதோட டேப்பையும் வெச்சு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. மார்பு 34 இஞ்ச்னா, மூச்சு விட, கை அசைக்க 4 இஞ்ச் சேர்த்து 38. துணியை நாலா மடிச்சு வெட்டப் போறதால நாலுல ஒரு பங்கு, ஒன்பதரை. தையலுக்கும் உள்ளே விடறதுக்கும் ஒரு இஞ்ச், மொத்தம் பத்தரை. அந்த உள்துணி விஷயத்துல கஞ்சத்தனம் கூடாது. அடுத்த வருஷம் உடம்பு மாறினா பிரிச்சு விட்டுக்கலாம். ரெடிமேட்ல இது பெரும்பாலும் கிடைக்காது, கவனிச்சிருக்கீங்களா?

வெட்டுறதுல மூணு எச்சரிக்கை. கழுத்தை நினைச்சதைவிட அரை இஞ்ச் சின்னதாவே வெட்டுங்க. பெருசாக்க எப்பவும் முடியும், வெட்டினதை ஒட்ட முடியாது. கைக்குழி முன்பக்கத் துணியில அரை இஞ்ச் அதிகமா குடையணும், ஏன்னா கை முன்னாடிதான் நீளும். மொத்தத் துணியும் ஒண்ணா மடிஞ்சிருக்கும்போது குடைஞ்சா முதுகுப் பக்கமும் போயிடும், அதனால பின்பக்கத்தைத் தனியா எடுத்து வெச்சுட்டுச் செய்யுங்க. மூணாவது ஸ்லீவ். அதுலயும் முன்வளைவு வேற, பின்வளைவு வேற. சாக்பீஸால முன்பக்கத்துல ஒரு பெருக்கல் குறி போட்டு வைங்க. இல்லேன்னா ரெண்டும் வலது கையா வந்து நிக்கும். இதுல மாட்டாம தையல் கத்துக்கிட்டவங்க ரொம்பக் கம்மி.

ஒரு டாப்ஸ், ஒரு மஞ்சப்பை

நேரப் பிரச்னைக்கு வருவோம். முழு டிரஸ்ஸையும் ஒரே மூச்சுல தைக்கணும்னு நினைக்கிறதுதான் ஆளைக் கவிழ்க்கிற விஷயம். வெட்டுறதை மட்டும் ஞாயித்துக்கிழமை மத்தியானம், வீடு தூங்கும்போது வைங்க. பாய் விரிச்ச தரை போதும், கட்டிங் டேபிள் எல்லாம் வேண்டாம். வெட்டின துண்டு, நூல், பாபின், சாக்பீஸ் எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டு ஆணியில மாட்டுங்க. திங்கள் தோளை இணைங்க. செவ்வாய் கழுத்துப் பட்டி. வளைவுல கத்தரியால சின்னச் சின்னதா வெட்டுக் கொடுத்துட்டுத் திருப்பினா சுருக்கம் இல்லாம உட்காரும், ஆனா வெட்டு தையலைத் தொடக் கூடாது. புதன், வியாழன் ஆளுக்கொரு கை. வெள்ளி பக்கவாட்டுத் தையல், சனி கீழ் மடிப்பு. இன்டர்னல் டெஸ்ட் வந்தா பை ஆணியிலேயே தொங்கட்டும், அது ஒண்ணும் கெட்டுப் போற பண்டம் இல்லை. ஒவ்வொரு தையலுக்கும் அப்புறம் ஒரு தேய்ப்பு கொடுங்க. கடைத் தையலுக்கும் வீட்டுத் தையலுக்கும் பார்வையில தெரியற வித்தியாசம் முக்கால்வாசி அயர்ன் பாக்ஸாலதான்.

பக்கவாட்டுத் தையல் போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. பாக்கெட்!

ரெடிமேட் டாப்ஸ்ல பாக்கெட் வைக்க ஏன் இவ்வளவு யோசிக்கிறாங்கன்னு புரியவே மாட்டேங்குது. பஸ் பாஸ், செல்போன், சில்லறை எல்லாத்தையும் கையிலயே பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால கம்பியைப் பிடிச்சு நின்ன பொண்ணுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். உங்க கையைத் துணி மேல வெச்சு, சுத்தி ஒரு இஞ்ச் விட்டு வரைஞ்சு, நாலு துண்டு வெட்டுங்க. இடுப்புக்கு ரெண்டு இஞ்ச் கீழே ஆரம்பிச்சு ஆறு இஞ்ச் வாய். முன்துணியில ஒண்ணு, பின்துணியில ஒண்ணு இணைச்சுட்டு, பக்கத் தையல் போடும்போது வாயை மட்டும் விட்டுட்டு பாக்கெட்டைச் சுத்தி ஓட்டிட்டு வந்துடுங்க. ஸ்லிட்டை அதுக்குக் கீழே தள்ளி வைங்க. இந்த ஒரு விஷயத்துக்காகவே கத்துக்கலாம்னு தோணுதா இல்லையா?

ஓவர்லாக் மிஷின் இல்லையேன்னு கவலை வேண்டாம். பஜார்ல ஓவர்லாக் அடிச்சுக் கொடுக்கிற கடை இருக்கும். இல்லேன்னா முதல்ல துணியோட நல்ல பக்கம் வெளியே இருக்கிற மாதிரி வெச்சு மெல்லிசா ஒரு தையல், அப்புறம் திருப்பி உள்பக்கமா இன்னொரு தையல். பிசிறு ரெண்டுக்கும் நடுவுல அடைஞ்சுடும். காட்டனுக்கும் வாயிலுக்கும் இது ஓவர்லாக்கைவிட அழகு.

நாலஞ்சு டாப்ஸ் ஆனதும் ப்ளவுஸுக்குப் போங்க. முதல்ல உங்க அளவு ப்ளவுஸ் ஒண்ணை, ரொம்பப் பழசா பார்த்து, தையல் தையலாப் பிரிங்க. துண்டுகளைத் தேய்ச்சு பேப்பர்ல வரைஞ்சு வெச்சுக்கிட்டா, வாழ்நாளுக்கும் அது உங்க பேட்டர்ன். யூடியூப்ல எத்தனையோ பேர் சொல்லித் தர்றாங்க, பாருங்க. ஆனா அவங்க அளவு அவங்களுக்கு. தெருவுல தெரிஞ்ச டெய்லர் அக்கா இருந்தா அவங்க கடையில ரெண்டு சாயங்காலம் கொக்கி தைச்சுக் கொடுத்துக்கிட்டு உட்கார்ந்து பாருங்க. வீடியோவுல தெரியாத கை வேலை அங்கே தெரியும்.

கத்துக்கிட்டது பிடிச்சுப் போய், இதையே வருமானமா மாத்தலாம்னு தோணினா வழி இருக்கு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் தையலும் உண்டு. லோயர், ஹையர் என்று இரண்டு நிலை. தையல் ஆசிரியர் கனவு உள்ளவர்களுக்கு அது ஒரு படி. ஐ.டி.ஐ.களில் ஒரு வருட 'சூயிங் டெக்னாலஜி' பிரிவு இருக்கிறது. மாவட்டம்தோறும் வங்கிகள் நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் 18 வயது முடிந்தவர்கள் இலவசமாகத் தையல் பழகலாம். மிஷினே இல்லாத வீடுகளுக்கு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் உண்டு. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் ஆகியோருக்கானது அது. வயது 20 முதல் 40 வரை. தையல் தெரியும் என்பதற்குச் சான்று கேட்பார்கள், அதனால் பயிற்சிச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்க. விசாரிக்க வேண்டிய இடம் மாவட்ட சமூக நல அலுவலகம். அரசுப் பள்ளிப் பிள்ளைங்க போடுற இலவசச் சீருடையைத் தைக்கிறதே மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள்தான். 2020-ல் மாஸ்க் தட்டுப்பாடு வந்தப்போ சுய உதவிக் குழுப் பெண்கள் வீட்டு மிஷின்லயே தைச்சுக் குவிச்சாங்க.

கடைசியா ஒண்ணு. உங்களுக்கு மிஷின் ஓட்டத் தெரியும்னு தெருவுக்குத் தெரிஞ்ச மறுநாளே, பக்கத்து வீட்டு அத்தை ஒரு புடவையோட வந்து நிப்பாங்க. 'ஃபால்ஸ் மட்டும் அடிச்சுக் குடும்மா, அஞ்சு நிமிஷம்தானே...' அஞ்சு நிமிஷம் இல்லை. ரெண்டு பக்கமும் சேர்த்து முக்கால் மணி நேரம். நூலும் உங்களோடது, நாளைக்கு டெஸ்ட்டும் உங்களோடது. சிரிச்சுக்கிட்டே, 'கடையில வாங்குறதுல பாதி கொடுங்க அத்தை, ஞாயித்துக்கிழமை தர்றேன்'னு முதல் புடவைக்கே சொல்லிடுங்க. ரெண்டாவது புடவையில ஆரம்பிச்சா எடுபடாது!